பௌர்ணமி பாரில் எட்டு மணி

எனக்கு ஹராம். சுப்பராயலு சாருக்குச் சட்டவிரோதம். அப்படியிருந்தும் செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் நாங்கள் இருவரும் ஒரு மதுக்கடையைத் தேடிக் கடலூரில் பஸ் ஏறினோம். கையில் இருந்த ஒரே துப்பு, சார் தன் பொடி டப்பாவுக்குள் பத்திரமாக வைத்திருந்த ஒரு ஜிகினா நட்சத்திரம். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும்.

துப்பறியும் சுப்பராயலு என்றால் திருப்பாதிரிப்புலியூரில் எல்லோருக்கும் தெரியும். வேட்டிக்கு மேல் டை கட்டுகிற ஆள் வேறு யாரும் அந்த ஊரில் இல்லை. நான் அவருடைய உதவியாளன் நைனா முகம்மது. மோப்பம் பிடிப்பது என் இலாகா. பொடி போட்டுப் போட்டு சாரின் மூக்கு செத்துப் பல வருஷம் ஆகிறது. மல்லிகையையும் கருவாட்டையும் நீட்டினால், கண்ணால் பார்த்துத்தான் எது எது என்று சொல்வார்.

கேஸ் இதுதான். சிதம்பரத்தில் ரைஸ் மில் வைத்திருக்கும் தில்லைநாதன், மதுவிலக்குப் பிரசார சபையின் தலைவர். வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாதவர் என்று சபை அவருக்கு ஒரு தங்கப் பதக்கம் போட்டிருந்தது. போன சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு அந்தப் பதக்கம் அவர் வீட்டுப் பூஜை அறையிலிருந்து காணாமல் போனது. சத்தம் கேட்டு ஓடி வந்த வீட்டம்மாள், காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் கொல்லைச் சுவரைத் தாண்டிக் குதிப்பதை மட்டும் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காக்கிச் சட்டை கிடந்தது. அது கார் டிரைவர் அப்துல் வதூதின் சட்டை. சனிக்கிழமை எட்டு மணிக்கு எங்கே இருந்தாய் என்று போலீஸ் கேட்டதற்கு வதூது வாயைத் திறக்கவில்லை. லாக்கப்பில் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

அவன் தங்கை ஷரீபா ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆபீசுக்கு வந்து அழுத அழுகை இன்னும் என் காதில் இருந்தது.

"புதன்கிழமை நாகப்பட்டினத்துல கப்பல்ண்ணே. பினாங்குல எங்க மாமா கடையில அண்ணனுக்கு வேலை. இந்தக் கப்பலை விட்டா வேற ஆளை வச்சுக்குவேன்னு மாமா கறாரா சொல்லிட்டாவ. எங்கண்ணன் எடுக்கல. அல்லா மேல ஆணையா எடுக்கல. ஆனா எங்க இருந்தேன்னு கேட்டா, ஊமையாட்டம் ஒக்காந்திருக்கு!"

சாருக்குச் சந்தேகம் முதலிலிருந்தே கோவிந்தசாமி மேல்தான். தில்லைநாதனின் மச்சான். அக்கா வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, சிகரெட்டுக்கும் சினிமாவுக்கும் கை நீட்டிக்கொண்டு இருப்பவன். டிரைவரின் மாற்றுச் சட்டையைக் கார் ஷெட்டிலிருந்து எடுப்பது அவனுக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் அன்று மதியமே நாங்கள் மில்லுக்குப் போய் விசாரித்தபோது தில்லைநாதன் ஒரே அடியாக அடித்துவிட்டார்.

"சனிக்கிழமை எட்டு மணிக்குக் கோவிந்தசாமி என் கண்ணெதிர இருந்தான். மணி அடிச்சதை என் காதால கேட்டேன்."

"எந்த இடத்துல?" என்றார் சார்.

தலைவருக்கு உடனே இருமல் வந்தது. அது நிற்பதாகவே இல்லை. தண்ணீர் கொடுக்கிற சாக்கில் கிட்டே போனேன். கொய்யா இலை வாசனை! எல்லைக்கு அந்தப் பக்கம் பாண்டிச்சேரியில் மது தாராளமாகக் கிடைக்கும். இந்தப் பக்கம் முழு மதுவிலக்கு. அங்கே போய்க் குடித்துவிட்டுத் திரும்புகிறவர்களின் வாயைச் சாவடியில் போலீஸ்காரர் முகர்ந்து பார்ப்பார். அதற்காக நம் ஆட்கள் ஆடு மாதிரி கொய்யா இலை மெல்லுவார்கள். தலைவரின் அங்கவஸ்திரத்தில் அந்த ஜிகினா நட்சத்திரமும் ஒட்டிக்கொண்டிருந்தது. சார் ஆறுதலாகத் தோளைத் தட்டுவது போல் அதைத் தட்டி எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை முழுக்க ஜிகினாத் தாள் விற்கிற கடைகளில் அலைந்தோம். பலன் பூஜ்யம். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. கண்டக்டரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, தலையில ஜிகினா ஒட்டிக்கிட்டு பஸ் ஏறுற ஆளுங்க எந்த ஸ்டாப்புல ஏறுவாங்க?"

கண்டக்டர் யோசிக்கவே இல்லை. "பௌர்ணமி பாரு. சாவடி தாண்டி ரெண்டாவது ஸ்டாப்பு. ஜிகினாவைத் தட்டிவுட்டுட்டு ஏறுங்கய்யான்னு நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்கிறானுவ."

சார் என்னைப் பெருமையோடு பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதில் சம்பளத்தில் பத்து ரூபாய் ஏற்றினால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. ரோட்டோரம் ஓடு வேய்ந்த நீளமான கட்டடம். முன்கதவில் பூட்டு. ஜன்னல்கள் எல்லாவற்றிலும் கோணிச் சாக்கை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். பக்கத்துச் சவுக்குத் தோப்புக்குள் ஒரு கறுப்புக் கார் நின்றது. அதன் முன்னால் மாட்டியிருந்த பலகையை ஒரு துண்டால் மூடியிருந்தார்கள். துண்டைத் தூக்கிப் பார்த்தேன். 'மதுவை ஒழிப்போம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது.

"சார், தலைவர் உள்ள இருக்காரு. ஒழிச்சுக்கிட்டு இருக்காரு போல."

"பேசாம வா" என்றார் சார்.

கோழிக்கூண்டைச் சுற்றிக்கொண்டு போனால் பின்கதவு. அதைத் திறந்தால் ஒரு கறுப்புத் திரை. திரையை விலக்கினால் இன்னொரு கறுப்புத் திரை. அதையும் விலக்கிக்கொண்டு உள்ளே போன நான் அப்படியே நின்றுவிட்டேன்.

உள்ளே ராத்திரி!

கூரையெங்கும் ஜிகினா நட்சத்திரங்கள். ஒரு மூலையில் பெரிய பித்தளைத் தாம்பாளத்தைத் தொங்கவிட்டு அதன்மேல் நீல பல்பு வெளிச்சம் விழும்படி செய்திருந்தார்கள். அதுதான் பௌர்ணமி. மேசைக்கு மேசை அரிக்கேன் விளக்கு. தட்டிக்குப் பின்னால் யாரோ ஒருவர் சம்பளத்துக்குத் தவளை மாதிரி கத்திக்கொண்டிருந்தார். உட்கார்ந்திருந்தவர்களோ பனிக்குப் பயந்து மஃப்ளர் சுற்றி, குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு, வியர்வை வழிய வழியக் குடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வெயிலில் ரோட்டுத் தார் உருகிக்கொண்டிருந்தது.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய லூர்துசாமிதான் முதலாளி. நரைத்த மீசையும் நிமிர்ந்த முதுகுமாக எங்கள் முன்னால் வந்து நின்று சலாம் வைத்தார்.

"பொன்ஸ்வார், முசியே!"

பிரெஞ்சில் அது 'மாலை வணக்கம், ஐயா' என்பதாம். நான் வெறுமனே தலையை ஆட்டி வைத்தேன்.

"எந்த ஊரு?" என்றார். "இங்க யாருக்கும் பேரு கெடையாது. ஊருதான். அதோ அது நெல்லிக்குப்பம். அந்த மூலையில கிள்ளை. தூணோரமா அழுவுறது கம்மாபுரம். ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது. அது ஒண்ணுதான் இங்க சட்டம்."

"புலியூர்" என்றார் சார். "ரெண்டு கலர் சோடா."

"ரெண்டு புலியூருக்கும் கலரா?" என்று லூர்துசாமி எங்களைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

தூரத்து மேசையில் குல்லாவை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு தில்லைநாதன் உட்கார்ந்திருந்தார். எதிரே கோவிந்தசாமி. தலைவர் கண்ணைத் துடைப்பதும் ஒரு மடக்குக் குடிப்பதுமாக இருந்தார். இருவரும் எங்களைக் கவனிக்கவில்லை.

கலர் வந்ததும் சார் மெதுவாக ஆரம்பித்தார். "சிதம்பரத்துக்காரங்க ரெண்டு பேரு சனிக்கிழமை வந்தாங்களா?"

"பெரியவரு, சின்னவரு ரெண்டு பேரும் வந்தாங்க. பெரியவருக்குப் புதுசு போல. ரெண்டாவது கிளாஸுல மேசையிலேயே சாய்ஞ்சுட்டாரு. சின்னவருதான் உலுக்கி எழுப்பி, 'மாமா, மணி எட்டு, பாருங்க'ன்னு கடிகாரத்தைக் காட்டினாரு."

"எட்டு மணிக்குச் சின்னவரு இங்கதான் இருந்தாரா?"

"மாதா மேல சத்தியம், முசியே. இதே எடத்துல நின்னாரு."

நான் கலரைத் தள்ளி வைத்தேன். கேஸ் கையை விட்டுப் போய்விட்டது. எட்டு மணிக்கு இங்கே இருந்தவன் அதே எட்டு மணிக்குச் சிதம்பரத்தில் எப்படிச் சுவர் ஏறியிருக்க முடியும்? ஷரீபா முகத்தில் எப்படி விழிப்பது?

"சார், போயிடலாம். அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க. என்னால ஆவாது."

சார் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். தவளைச் சத்தத்துக்கு நடுவே, வெளியே எங்கேயோ தூரத்தில் பள்ளிவாசல் பாங்கு கேட்டது.

"நைனா, அது என்ன பாங்கு?"

"லுஹர், சார். மத்தியானத் தொழுகைக்கு..."

பாதியில் என் வாய் நின்றுவிட்டது. சுவர்க் கடிகாரம் கணீர் கணீரென்று அடிக்க ஆரம்பித்தது. எண்ணினேன். எட்டு.

சார் லூர்துசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தக் கடிகாரம்..."

"நல்லா ஓடுற கடிகாரம், முசியே. பகல் பதினொண்ணரைக்குக் கடை தொறக்கும்போது ராத்திரி ஏழுக்குத் திருப்பி வச்சுடுவேன், அவ்வளவுதான். உங்க ஊரு ஆளுங்க நெஜ ராத்திரிக்குத் தங்க முடியாதே. பொழுது சாய்ஞ்சா சாவடியில மூக்கை நீட்டிக்கிட்டு நிப்பானுவ. பகல்ல வர்ற பஸ்ஸை எவனும் சட்டை பண்ண மாட்டான். ஆனா பகல் வெளிச்சத்துல குடிக்க உங்க ஆளுங்களுக்குக் கூச்சம் ஜாஸ்தி. கிளாஸை வச்சுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பாங்க. வியாபாரம் படுத்துடுச்சு. அதான் ராத்திரியைப் பகலுக்கு மாத்திட்டேன். சாயங்காலம் திரும்பவும் கடிகாரத்தைச் சரி பண்ணி எங்க ஊரு ஆளுங்களுக்கு இன்னொரு ராத்திரி."

எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. மத்தியானம் கிளம்பினால் ரயிலோ பஸ்ஸோ பிடித்து, நிஜமான எட்டு மணிக்குள் சிதம்பரத்துக்குச் சாவகாசமாகப் போய்ச் சேரலாம். வழியில் இரண்டு தடவை சாப்பிடவும் செய்யலாம்.

"அப்போ வதூதை விட்டுடுவாங்கல்ல, சார்?"

"மாட்டாங்க. கோவிந்தசாமி திருடியிருக்க முடியும்னுதான் ஆச்சு. திருடினான்னு ஆகலையே. பதக்கம் வேணும்." சார் டையைச் சரிசெய்துகொண்டார். "கண்ணை அவன் மேல வச்சுக்கோ. எது நடந்தாலும் அங்க இங்க பார்க்காதே."

சொல்லிவிட்டு நாற்காலி மேல் ஏறி நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"ரெய்டு!"

அப்புறம் நடந்ததை என்னவென்று சொல்வது! நெல்லிக்குப்பம் கிளாஸைக் குல்லாவுக்குள் ஒளித்து அப்படியே தலையில் கவிழ்த்துக்கொள்ள, பிராந்தி முகமெல்லாம் வழிந்தது. கிள்ளை ஒரே மடக்கில் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு விக்கலோடு மேசைக்கு அடியில் புகுந்தார். கம்மாபுரம் பாட்டிலைக் கட்டிக்கொண்டு, "இது எங்க அம்மாவோட மருந்துங்கய்யா!" என்று கதறினார். தவளைக்காரர்கூட வாயை மூடிக்கொண்டார்.

"யோவ், இது பாண்டிச்சேரிய்யா!" என்று லூர்துசாமி நடுவில் நின்று கத்தினார். "இங்க குடிச்சா குத்தமே இல்ல! எவன்யா இங்க ரெய்டு வருவான்? ஒக்காருங்கய்யா!"

யாரும் காதில் வாங்கவில்லை. எத்தனையோ வருஷப் பழக்கம் அது. எல்லை தாண்டியதும் போய்விடுமா?

ஒரே ஒருவன் மட்டும் கிளாஸை ஒளிக்கவில்லை. கோவிந்தசாமி. இடது கையில் கிளாஸ் அப்படியே இருந்தது. வலது கை மட்டும் இடுப்புக்குப் போனது. வேட்டி மடிப்பிலிருந்து எதையோ எடுத்தது. பக்கத்தில் இருந்த ஊறுகாய் ஜாடிக்குள் போட்டது.

நான் பாய்ந்து போய் முழங்கை வரை ஜாடிக்குள் விட்டேன். மாங்காய், மாங்காய், இன்னும் ஒரு மாங்காய், அப்புறம் பதக்கம். வழித்துவிட்டு விளக்கில் காட்டினேன். 'ஒரு சொட்டும் தொடாத உத்தமர்' என்று பொறித்திருந்தது.

"சாராய ரெய்டுன்னா எல்லாரும் சாராயத்தை ஒளிப்பாங்க" என்றார் சார், நாற்காலியிலிருந்து இறங்காமலே. "சாராயத்தைவிடப் பெரிய பயம் இருக்கிறவன்தான் வேற எதையாவது ஒளிப்பான். பாண்டிச்சேரி ஆசாரிகிட்ட விக்கத்தானே கொண்டாந்தே, கோவிந்தசாமி?"

அவன் லேசுப்பட்டவன் இல்லை. "எவனோ போட்டதை என் தலையில கட்டாதீங்க! சனிக்கிழமை எட்டு மணிக்கு நான் எங்க மாமா கூட இங்க இருந்தேன். மாமா, நீங்களே சொல்லுங்க!"

தில்லைநாதன் குல்லாவை மேலே தூக்கினார். பதக்கத்தையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இருந்தானே... எட்டு மணி அடிச்சுதே. டிரைவர்தான் நாம உள்ள இருக்கும்போது காரை எடுத்துக்கிட்டுச் சிதம்பரம் போயிட்டான்னு நீதானேடா சொன்னே?"

சார் நாற்காலியை விட்டிறங்கி, ஜன்னலுக்குப் போய், சாக்கைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். ஆணியெல்லாம் தெறித்தன. நடுப்பகல் வெயில் தடதடவென்று உள்ளே கொட்டியது. வெளியே கரும்பு வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. வண்டிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, குரங்குக் குல்லாக்களைக் கண்டு மாட்டை நிறுத்திவிட்டார்.

தலைவர் கண்ணைக் கசக்கினார். "ராத்திரி இல்லையா இது?"

"உள்ள வரும்போது பகலாத்தானே இருந்துச்சு? யோசிக்கவே இல்லையா நீங்க?" என்று கேட்டேன்.

"வண்டியிலேயே ரெண்டு மடக்கு குடிச்சிருந்தேன் தம்பி. குடிச்சா உலகமே இருட்டிப் போயிடும்னு நான்தானே மேடை மேடையாப் பேசியிருக்கேன்." குல்லாவைக் கழற்றி மேசையில் வைத்தார். "அது நெசம்தான் போலிருக்குன்னு நெனைச்சிட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கடைசியில் ஆத்திரம்தான் ஜெயித்தது.

"அப்போ நெஜமான எட்டு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"தெரியல. விடியக்காலையில கண்ணு முழிச்சேன். சவுக்குத் தோப்புல, கார் பின்சீட்டுல கெடந்தேன். வதூது துண்டால கொசு வெரட்டிக்கிட்டு இருந்தான்."

"ராத்திரி பூரா அதைத்தான் செஞ்சிருக்கான்! இந்தக் கோலத்துல வீட்டுக்குக் கொண்டுபோனா உங்க மானம் போயிடும்னு தோப்புல காவல் காத்திருக்கான். போலீஸ் கேட்டா அதைச் சொல்லிட்டு அவன் அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்திருக்கலாம். ஏன் சொல்லலைன்னு தெரியுமா உங்களுக்கு?"

தில்லைநாதன் தன் கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். "நான்தான் சத்தியம் வாங்கினேன்" என்றார். "எங்க போனோம்னு உசுரே போனாலும் சொல்லக் கூடாதுன்னு. எதிரியைத் தெரிஞ்சுக்கிட்டாத்தான் மேடையில பேச முடியும்னு இவன் கூட்டிக்கிட்டு வந்தான். அன்னிக்குத்தான் மொதல் தடவை தொட்டேன். தொட்ட அன்னிக்கே பதக்கம் போயிடுச்சு. தெய்வக் குத்தம்னு நெனைச்சேன்."

"தெய்வத்துக்கு அன்னிக்குக் காக்கிச் சட்டை போட வேண்டிய அவசியம் இல்லீங்க" என்றார் சார்.

கோவிந்தசாமி திரைப்பக்கம் நழுவினான். லூர்துசாமி அவன் பிடரியைப் பிடித்த பிடியிலேயே பட்டாளத்தில் அவர் சும்மா இருக்கவில்லை என்று தெரிந்தது. "ரெய்டுன்னு கத்தி என் கடை வியாபாரத்தைக் கெடுத்தது யாரு, இவனா நீங்களா?" என்று மட்டும் எங்களைக் கேட்டார். இவன்தான் என்று சொல்லிவிட்டோம்.

பலகையை மூடியிருந்த துண்டை எடுத்துவிட்டுக் காரை சார் ஓட்டினார். கோவிந்தசாமியை லூர்துசாமியின் மஃப்ளராலேயே கட்டிப் பின்சீட்டில் என் பக்கத்தில் போட்டிருந்தோம். சாவடியில் போலீஸ்காரர் பலகையைப் பார்த்ததுமே விறைத்து நின்று சல்யூட் அடித்தார். "ஐயா போகலாம்!"

வரும்போது லூர்துசாமி கொடுத்த கொய்யா இலை ஒன்றைப் பையிலிருந்து எடுத்துத் தலைவரிடம் நீட்டினேன். எனக்கும் மனசு இளகிவிட்டிருந்தது. அவர் அதை வாங்கி ஜன்னல் வழியாக எறிந்தார். கதவைத் திறந்து இறங்கி, போலீஸ்காரர் முகத்துக்கு நேராகப் போய் நின்று ஊதினார்.

போலீஸ்காரர் ஒரு அடி பின்னால் போனார். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "ஐயாவுக்கு உடம்பு சரியில்ல போல" என்று சொல்லி அவரே மறுபடியும் உள்ளே ஏற்றி உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். கையும் களவுமாகப் பிடிபட நினைத்தாலும் பெரிய மனிதனுக்கு அது அவ்வளவு சுலபமில்லை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

சிதம்பரம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனபோது சாயங்காலம். ஷரீபா வாசலில் தகரப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் எப்போது வந்தாலும் நேரே ரயிலடிக்குப் போய்விடலாம் என்று பெட்டியைக் கட்டியே கொண்டுவந்துவிட்டாளாம்.

இன்ஸ்பெக்டர் பதக்கத்தை முகர்ந்து பார்த்தார். "ஊறுகாய் வாடை அடிக்குதே?"

சார் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்ல, கோவிந்தசாமியும் தலையைக் குனிந்துகொண்டான். இன்ஸ்பெக்டர் தில்லைநாதனைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எல்லாம் சரிங்கய்யா. ஆனா எட்டு மணிக்கு இவன் உங்க கூட இல்லைன்னு நீங்க சொல்லணும். அப்போ டிரைவர் உங்க கூட எங்க இருந்தான்னு வரும். என்ன கோலத்துல இருந்தீங்கன்னு வரும். இப்பவும் வாடை வருது. எழுதினா உங்களை உள்ள வைக்கணும். காலையில குளிச்சிட்டு, நல்லா தெளிஞ்சு வாங்களேன். பொறுமையா வேற மாதிரி எழுதிக்கலாம்."

"காலையில வந்தா டிரைவர் எப்போ வெளிய வருவான்?"

"நாளைச் சாயங்காலத்துக்குள்ள விட்டுடலாம்."

சாயங்காலம் என்றால் கப்பல் போயிருக்கும். ஷரீபா பெட்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலைவர் வாயையே பார்த்தாள். நானும் பார்த்தேன். மேடை போட்டுப் பேசுகிற ஆட்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது. இவர் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு நழுவத்தான் போகிறார் என்று நிச்சயமாக நினைத்தேன்.

"அந்த மதுவிலக்குச் சட்டம் வேணும்னுதானேய்யா ஊர் ஊராப் போய்ப் பேசினேன்?" என்றார் தில்லைநாதன். "எழுது. இப்பவே எழுது."

வதூதைத் திறந்துவிட்டார்கள். மூன்று நாள் தாடியும் கசங்கிய பனியனுமாக வெளியே வந்தவன், தங்கையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பக்கமாக உள்ளே போய்க்கொண்டிருந்த முதலாளியைப் பார்த்துவிட்டான். பதறிப்போய் ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"முதலாளி, நான் ஒண்ணும் சொல்லல! சத்தியமா நான் ஒரு வார்த்தை சொல்லல!"

"தெரியும்டா" என்றார் தில்லைநாதன் உள்ளே இருந்தபடி. "அதான் நானே வந்து சொல்லிட்டேன். நிக்காத, ஓடு. கப்பல் போயிடும்."